கியரக்காவின் இடது முட்டி

பேருந்துப் பணிமனையில் அவளை எல்லாரும் கியரக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பழைய வண்டிகளில் பல் கடிக்கும் சத்தம் வராமல் கியர் மாற்றத் தெரிந்தவர்கள் அங்கே விரல் விட்டு எண்ணக்கூடிய சிலர்தான். அவர்களில் அவள் முதல் ஆள் என்பதை ஆண் ஓட்டுநர்களே முணுமுணுத்துக்கொண்டாவது ஒப்புக்கொள்வார்கள். வண்டிகளின் கிளட்சோ கல்லாக இருக்கும். காலை நெரிசலில் ஒரு நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தத்துக்குப் போவதற்குள் மிதித்து, விட்டு, மறுபடி மிதித்து, இடது கால் ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் ஆடிக்கொண்டே இருக்கும். வலது காலுக்கு அவ்வளவு பாடு கிடையாது. "ரெண்டும் என் கால்தான். ஆனா ஒண்ணு மாமியார், ஒண்ணு மருமக" என்பாள்.

அவள் புருஷன் அதே பணிமனையில் மெக்கானிக். "அவ ஓட்டிக் கெடுக்கிறதை நான் சரி பண்றேன், நான் சரி பண்ணினதை அவ ஓட்டிக் கெடுக்கிறா, அதுல ஓடுது குடும்பம்" என்று அவன் சொல்லாத ஆள் கிடையாது. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போனாலும் அவள் சிரித்துவைப்பாள்.

அவளுக்கு ஒரே தம்பி. எட்டு வயது சின்னவன். அம்மா வேலைக்குப் போய்விட்டதால் அவன் நடக்கிற வரைக்கும், நடக்க ஆரம்பித்த பிறகும்கூட, அவளுடைய இடுப்பிலேயே வளர்ந்தான். இறக்கிவிட்டால் அழுவான். பிறகு படித்தான், மேலே படித்தான், படிப்பில் இனி ஏற மாடி இல்லை என்கிற வரைக்கும் படித்தான். ஒரு பெரிய மருத்துவமனையோடு ஒட்டிய ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். சொந்தக்காரர்கள் அவனை டாக்டர் என்றார்கள். ஆனால் அவன் வாழ்நாளில் ஒரு நோயாளியின் நாடியைப் பிடித்ததில்லை. அவன் கைபட்டதெல்லாம் கண்ணாடித் தட்டுகளில் வளர்கிற செல்கள்தான்.

அவளுக்கு முப்பது தாண்டியிருந்த காலம். ஒரு விடுமுறை நாளில் தம்பி வந்தான். டீயைக் குடித்தான், ஆற அமர உட்கார்ந்தான், செய்தித்தாளைப் புரட்டினான்.

"என்னடா, வாய்க்குள்ள எதையோ வச்சிக்கிட்டு மெல்லவும் மாட்டேங்குற, துப்பவும் மாட்டேங்குற?" என்றாள் அவள்.

தம்பி துப்பிவிட்டான். எலும்புக்குள் மஜ்ஜை இருக்கிறது. அதிலிருந்து கொஞ்சம் வேண்டும். கூடத்தில் இருக்கிற மாணவர்கள் ஊசியைப் பார்த்ததும் ஆளுக்கொரு காரணம் சொல்லி நழுவிவிட்டார்கள். ஆரோக்கியமான, இளவயது ஆள் வேண்டும்.

"எதுக்குடா?"

"மஜ்ஜைக்குள்ள ஸ்டெம் செல்லுன்னு ஒண்ணு இருக்குக்கா. தான் என்னவா ஆகணும்னு இன்னும் முடிவு பண்ணாத செல். எலும்பாவும் ஆகலாம், கொழுப்பாவும் ஆகலாம், குருத்தெலும்பாவும் ஆகலாம். நாமதான் அதுக்குச் சொல்லணும்."

"எப்படிச் சொல்லுவ? காதுல போயா?"

"வளர்ச்சிக் காரணின்னு ஒரு புரதம். நம்ம உடம்பே செய்யறதுதான். ஒரு செல் இன்னொரு செல்லுக்குச் சேதி சொல்லி அனுப்புற மாதிரி. அதைச் சரியான அளவுல விட்டுக்கிட்டே இருந்தா, 'நீ குருத்தெலும்பா மாறு'ன்னு சொல்றதா அர்த்தம். கேக்குற செல் மாறும்."

மெக்கானிக்குக் குருத்தெலும்பு என்றால் என்ன என்பதில் குழப்பம். தம்பி தன் முழங்காலைத் தட்டிக் காட்டி, ரெண்டு எலும்பும் உரசிக்கொள்ளாமல் நடுவில் வழவழவென்று ஒரு படலம் இருக்கிறது, தேய்ந்தால் அது தானாக வளராது, அதுதான் உலகம் பூராவும் இருக்கிற சிக்கல் என்றான்.

"ரெண்டு இரும்பு உரசாம நடுவுல போடுற புஷ்ஷுன்னு சொல்லு மாப்ள, முடிஞ்சிது" என்றான் மெக்கானிக். "புஷ் போனா வண்டி கடகடன்னு அடிக்கும். நீ புது புஷ் வார்க்கப் பாக்குற. நல்லதுதானே."

அவள் போனாள். குப்புறப் படுக்கவைத்து, மரத்துப்போக ஊசி போட்டு, இடுப்பெலும்பின் மேட்டில் தடித்த ஊசி ஒன்றைத் திருகித் திருகி இறக்கினார்கள். உறிஞ்சும்போது கால் நரம்பையே பிடித்து இழுக்கிற மாதிரி ஒரு வலி. தம்பி தலைமாட்டில் நின்று கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். முகம் வெளிறியிருந்தது அவனுக்குத்தான்.

"இந்த இடுப்புலதாண்டா உன்னத் தூக்கிட்டுத் திரிஞ்சேன்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "இப்ப அதையே ஓட்டை போடுற."

அந்த வாரம் முழுக்க ஓட்டுநர் இருக்கையில் ஒருக்களித்து உட்கார்ந்தே வண்டி ஓட்டினாள். கேட்டவர்களிடம் மாடிப்படியில் வழுக்கிவிட்டேன் என்று சொல்லி வைத்தாள்.

கொஞ்ச நாள் கழித்துத் தம்பி தொலைபேசியில் கத்தினான். என்ன சொல்கிறான் என்று புரியவே நேரமானது. வெளியில் தேடிப் பிடித்த மற்றவர்களுடைய செல்களில் பாதி அந்தப் புரதத்தைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லையாம். சிலருடையது கொழுப்பாகப் போய்விட்டதாம். சிலருடையது நன்றாகக் குருத்தெலும்பாக மாறி, பிறகு நிற்கத் தெரியாமல் அடுத்த படியும் ஏறி எலும்பாக இறுகிவிட்டதாம். உலகம் முழுக்க எல்லாருக்கும் இதுதான் தலைவலி. அக்காவுடைய செல்தான் குருத்தெலும்பாக மாறியது, மாறி அங்கேயே நின்றது.

"உன் செல்லு சொன்ன பேச்சைக் கேக்குதுக்கா!"

"என்னை மாதிரியா? நான் எப்படா யார் பேச்சக் கேட்டேன்?"

அவளைக் கூடத்துக்கு அழைத்துப்போய்க் காட்டினான். கதவைத் திறந்ததும் வெதுவெதுவென்று காற்று வருகிற ஒரு பெட்டி. உள்ளே விரல்நீளக் குழாய்கள் வரிசையாக. ஒவ்வொன்றின் அடியிலும், செல்லுக்குத் தீனியாக ஊற்றுகிற மீடியா என்ற ரோஜா நிறத் திரவத்துக்குள் வெள்ளையாக ஓர் உருண்டை, மிளகில் பாதிகூட இருக்காது. தம்பி ஒன்றை எடுத்துத் தட்டில் வைத்து இடுக்கியால் அழுத்தினான். அமுங்கியது, விட்டதும் பழையபடி எழும்பியது. அவளுக்கு மெய்சிலிர்த்துப்போனது. தன் உடம்புக்குள் இருந்தது, தனக்கே தெரியாமல் இப்படி ஒரு வேலையைக் கற்றுவைத்திருந்ததா?

ஆய்வு மாணவி ஒருத்தி ஓடிவந்து, "நீங்கதானா அது!" என்று கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொருவருடைய செல்லுக்கும் ஓர் எண் உண்டு. ஆனால் இந்த ஒன்றை மட்டும் யாரும் எண் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தம்பி வாய்தவறி ஒருநாள் சொல்லப்போக, கூடமே அதை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. "அக்காவுக்கு இன்னைக்கு மீடியா மாத்தியாச்சா?" "அக்காவை ஐஸ்லேர்ந்து எடுத்து வெளிய வை." "அக்கா ரெண்டு தட்டு நிரம்பிட்டாங்க, பிரிச்சிடலாமா?"

மெக்கானிக் இதைக் கேட்டுவிட்டுப் பல மாதம் அதையே சொல்லிச் சிரித்தான். "ஐஸ்ல வைக்கறதா இருந்தா இந்த அக்காவையும் சேத்து வைங்கப்பா, வீடு கொஞ்சம் அமைதியா இருக்கும்."

காலம் போனது. தம்பிக்கு முதலில் தனி அறை வந்தது, பிறகு தனி மாடி, பிறகு ஒரு மருந்து நிறுவனம் வந்து சேர்ந்துகொண்டு தனிக் கட்டடமே வந்தது. ஒருத்தருடைய செல்லை எடுத்து இன்னொருத்தர் முழங்காலில் வைத்தால் உடம்பு ஏற்குமா என்பதற்கு மட்டும் சில வருடங்கள் பிடித்தன. குருத்தெலும்புக்கு ரத்த ஓட்டம் கிடையாது, அதனால் உடம்பு வேற்றாளை அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை என்று விளக்கினான். முயல்களுக்கு வைத்தார்கள். ஆடுகளுக்கு வைத்தார்கள். "ஆட்டுக்கெல்லாம் நாத்தனார் ஆயிட்டேன்" என்றாள் அவள்.

அவளுடைய இடது முட்டி பேச ஆரம்பித்தது அந்த வருடங்களில்தான். முதலில் வண்டியிலிருந்து இறங்கும்போது மட்டும் ஒரு சுருக். அப்புறம் மாடிப்படியில். அப்புறம் உட்கார்ந்து எழுந்தால் மணலை அரைப்பது போல உள்ளே ஒரு சத்தம். வேலை முடிந்து வந்து காலை நீட்டினால் முட்டி பன்ரொட்டியாக வீங்கியிருக்கும். எலும்பு மருத்துவர் படம் எடுத்துப் பார்த்து, ஓர் இடத்தில் மட்டும் தேய்ந்திருக்கிறது, வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டால் இதோடு நிற்கலாம் என்றார்.

அவள் தம்பியிடம் சொன்னாள்.

"பொறுத்துக்கக்கா. இன்னும் கொஞ்ச நாள்தான். மனுஷங்களுக்கு வைக்க அனுமதி வந்துடும்" என்றான். "உனக்கில்லாமலா?"

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவள் வருடக்கணக்கில் ஓட்டினாள். மருத்துவர் சொன்னதை விட்டாள். புருஷன், "டிப்போவுக்குள்ளயே ஏதாச்சும் வேலை கேளேன்" என்று கெஞ்சினதை விட்டாள். முட்டிக்கு உறை மாட்டிக்கொண்டாள், வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி பையில் போட்டுக்கொண்டாள். யாராவது பரிதாபமாகப் பார்த்தால், "என் தம்பி செஞ்சிக்கிட்டு இருக்கான்" என்பாள். தைக்கக் கொடுத்த துணி வரப்போகிறது என்பது போலச் சொல்வாள்.

அனுமதி வந்தது. அவளுக்கு அது தொலைக்காட்சியில்தான் தெரிந்தது. முழங்கால் அடிபட்டு ஓட்டத்தை விட்டிருந்த விளையாட்டு வீரன் ஒருவன் திடலில் ஓடுகிறான். பக்கத்தில் தம்பி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு. முடி அங்கங்கே நரைத்திருந்தது. "பெயரை வெளியில் சொல்ல விரும்பாத ஒரு நல்ல உள்ளம் தந்த கொடையிலிருந்துதான் இவ்வளவும்" என்றான்.

"நான் எப்ப விரும்பலைன்னு சொன்னேன்?" என்று தொலைக்காட்சியைப் பார்த்தே கேட்டாள் அவள்.

மெக்கானிக் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டான்.

தம்பி கூப்பிடுவான் என்று காத்திருந்து பார்த்தாள். கூப்பிட்டான், ஊர்க்கதையெல்லாம் பேசினான், அந்தப் பேச்சுக்கு மட்டும் வரவில்லை. ஒருநாள் காலைப் பணி முடிந்ததும் சீருடையோடேயே தம்பியின் மருத்துவமனைக்குப் போய்ப் பெயரைக் கொடுத்தாள். அவனைச் சங்கடப்படுத்த வேண்டாம், வழிமுறைப்படியே போவோம் என்று அவள் நினைப்பு. அங்கே இருந்த மருத்துவர் நல்ல மனிதர். படத்தை வெளிச்சத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"வயசு வரம்பைத் தாண்டிட்டீங்கம்மா. அது கிடக்கட்டும். நீங்க டிரைவர்தானே? ரோட்டுல ஒரு குழி இருந்தா அடைச்சிடலாம். ரோடே இல்லைன்னா எங்க போய் அடைக்கிறது? எலும்பும் எலும்பும் நேரா உரசிக்கிட்டு இருக்கு. இந்த சிகிச்சை குழி அடைக்கத்தான். அஞ்சாறு வருஷத்துக்கு முன்னாடி வந்திருந்தா நீங்க சரியான ஆளு."

"அப்ப இது வரலியே டாக்டர்."

"ஆமா" என்றார் அவர், உண்மையான வருத்தத்தோடு.

அவள் எழுந்திருக்கவில்லை. சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னாள். "நீங்க வைக்கிற அந்தச் செல்லு என்னோடதுதான்."

மருத்துவர் புன்னகைத்தார். அமைச்சர் என் சொந்தக்காரர் என்று தினமும் யாராவது வந்து சொல்லக் கேட்டுப் பழகிய புன்னகை அது. "சந்தோஷம்மா. படி இறங்கறப்ப கைப்பிடியைப் பிடிச்சிக்கங்க."

படி இறங்கிப் பக்கத்துக் கட்டடத்துக்கு நேராகப் போனாள். தம்பியின் அறை மேல்மாடியில் இருந்தது. சுவரெல்லாம் கண்ணாடி. அவளைக் கண்டதும் எழுந்து வந்து, தோளைப் பிடித்து உட்காரவைத்தான். அவள் சுற்றிவளைக்கவில்லை.

"வயசு வரம்பாம். முழுசாத் தேஞ்சவங்களுக்குக் கிடையாதாம். யாருடா எழுதினது அந்த விதி?"

அவன் பேனாவை எடுத்தான், வைத்தான். "நான்தான்க்கா எழுதினேன்."

பிறகு விளக்கினான். முதல் தொகுதியில் தேறக்கூடியவர்களைத்தான் எடுக்க வேண்டும். தேய்ந்து முடிந்த முட்டியில் வைத்தால் அது ஒட்டாது, வீக்கத்தில் கரைந்துபோகும். நாலு பேருக்குத் தோற்றால் கணக்கில் தோல்வி என்றுதான் வரும். நிறுவனம் கையை விரித்துவிடும், எல்லாத்தையும் இழுத்து மூடிவிடுவார்கள், அப்புறம் யாருக்குமே கிடைக்காது. வயதானவர்களுக்கும் ஒரு சின்னப் பிரிவு வைக்கலாமா என்று விதிகளை வகுத்த குழுவில் ஒருவர் கேட்டார்தான். இப்போது வேண்டாம் என்று அவன்தான் சொன்னான். வேறு யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு சொல்லைக்கூட அவளால் தப்பென்று தள்ள முடியவில்லை.

"எழுதறப்ப என்னை ஒருதரமாவது நினைச்சியா?"

தம்பி கண்ணாடி வழியே வெளியே பார்த்தான். "நினைச்சேன்" என்றான்.

இல்லை, மறந்துட்டேன்க்கா என்று சொல்லியிருந்தால் அவள் அங்கேயே அவனைத் திட்டித் தீர்த்துவிட்டு மன்னித்திருப்பாள். மறப்பது மனிதர்களுக்கு உள்ளதுதான். நினைத்துவிட்டு எழுதினான் என்பதை என்ன செய்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்து வந்துவிட்டாள். மின்தூக்கி வரை கூடவே வந்தான்.

மழை பெய்து ஓய்ந்திருந்த ஒரு காலையில், ஏற்றத்தில் இருந்த சிக்னலில் வண்டியை நிறுத்தினாள். பச்சை விழுந்தது. கிளட்சை மிதித்துக் கியர் போட்டாள், பிரேக்கிலிருந்து வலது காலை எடுத்தாள், கிளட்சை விடப்போகையில் இடது முட்டி பாதியிலேயே பூட்டிக்கொண்டது. வண்டி பின்னுக்கு நழுவியது. பின்னால் ஒரு சின்னக் கார், அதற்குள் ஒரு பெண் வாயைப் பிளந்துகொண்டு ஒலிப்பானை அழுத்துவது கண்ணாடியில் தெரிந்தது. கை பிரேக்கைப் பிடித்து இழுத்தாள். ஒரு சாண் இடைவெளியில் வண்டி நின்றது. பயணிகளில் பாதிப் பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. கடைசி நிறுத்தம் வரை கொண்டுபோய் எல்லாரையும் இறக்கிவிட்டாள். பணிமனைக்குத் திரும்பி, சாவியை அதிகாரியின் மேசையில் வைத்து, "இனிமே நான் ஓட்டலைங்க" என்றாள். அவர் சாவியை எடுத்து இழுப்பறையில் போட்டுக்கொண்டார். அவள் நொண்டி நடப்பதை எத்தனையோ நாளாகப் பார்த்துக்கொண்டிருந்தவர்தான்.

வண்டிகள் புறப்படும் நேரத்தை ஒலிபெருக்கியில் சொல்கிற வேலை கொடுத்தார்கள். கண்ணாடிக் கூண்டு, மின்விசிறி, நாற்காலி. புதிதாகச் சேர்ந்த பையன்கள் வண்டியை வெளியே எடுக்கும்போது கியர்ப்பெட்டி கதறும். அவள் ஒலிபெருக்கியின் பொத்தானை அணைத்துவிட்டு அவர்களைத் திட்டுவாள். சில சமயம் அணைக்க மறந்துவிடும், அன்றைக்குப் பணிமனை முழுக்கச் சிரிப்பாக இருக்கும். வீட்டில் அவள் பேச்சைக் குறைத்துவிட்டாள்.

தம்பி திரும்ப வந்தது அதற்கடுத்த வருடம். கையில் பழப்பை. உட்கார்ந்தான், டீ குடித்தான், செய்தித்தாளை எடுத்தான். மெக்கானிக் அவன் கையிலிருந்து அதைப் பிடுங்கி மடித்து வைத்தான்.

"என்ன வேணும் மாப்ள, நேரா சொல்லு."

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஐஸில் வைத்திருந்த அக்காவின் செல்கள் தீரப்போகின்றன. பெருக்கிப் பெருக்கி எடுத்ததில் மிச்சமிருப்பவை கிழடாகிவிட்டன. புரதத்தை விட்டால் முன்னைப்போல மாறுவதில்லை. வேறு எத்தனையோ பேரிடம் எடுத்துப் பார்த்தாயிற்று, ஒன்றும் அந்தத் தரத்துக்கு வரவில்லை. நிறுவனம் நெருக்குகிறது. இன்னொரு தடவை எடுத்தால்...

மெக்கானிக் முடிக்க விடவில்லை. "ஏன்யா, உங்க அக்கா என்ன ஸ்பேர் பார்ட்ஸ் கடையா? வேணும்ங்கிறப்ப வந்து கழட்டிட்டுப் போறதுக்கு? அவ கால இழுத்து இழுத்து நடக்குறா, கண்ணு தெரியலியா உனக்கு?"

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அவள். தம்பியைப் பார்த்தாள். இடுப்பிலிருந்து இறக்கிவிட்டால் அழுகிற அதே முகம். கன்னம் மட்டும் தொங்கியிருந்தது. "எடுத்துக்க. ஆனா அதுலேர்ந்து முதல்ல செய்யறது எனக்கு. ஒட்டுதோ ஒட்டலையோ, கரையுதோ கரையலையோ, அது என் பாடு."

"விதிவிலக்கு கேட்டு விண்ணப்பம் போட்டுடறேன்க்கா. ஒரு ஆளுக்குன்னு தனியா கேக்கறதுக்கு வழி இருக்கு. சத்தியமா போட்டுடறேன்."

"சத்தியமெல்லாம் வேணாம். போடு, போதும்."

இந்தத் தடவை இரண்டு பக்கமும் குத்தினார்கள். முதல் பக்கத்தில் போதுமானது வரவில்லை. முன்பு போல அவள் எதுவும் கேலி பேசவில்லை, சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். தம்பி கையைப் பிடித்தான். பிடித்துக்கொள்ளட்டும் என்று விட்டிருந்தாள்.

வாரங்கள் போயின. அவன் கூப்பிடவில்லை. அவள் கூப்பிட்டால் கூட்டத்தில் இருப்பதாகக் குறுஞ்செய்தி வந்தது. கடைசியில் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கூடத்துக்கே போனாள். முன்பு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்ட அந்த மாணவி இப்போது அங்கே பொறுப்பில் இருந்தாள். அந்தப் பெண்ணுக்கு இவளை அடையாளம் தெரிந்தது. உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். தயங்கித் தயங்கிப் பெட்டியைத் திறந்தாள்.

குழாய்களின் அடியில் உருண்டை என்று எதுவும் இல்லை. சில குழாய்களில் கலங்கலாக, பிரிந்துபோன பஞ்சு மாதிரி எதுவோ மிதந்தது. சிலவற்றில் நெருநெருவென்று பொடிக்கல் போலப் படிந்திருந்தது. அழுத்திப் பார்க்க அதில் ஒன்றுமில்லை.

"அளவைக் கூட்டிப் பாத்தோம்க்கா. வேற புரதத்தைச் சேத்துப் பாத்தோம். எத்தனையோ விதமா சொல்லிப் பாத்தாச்சு" என்றாள் அந்தப் பெண். "வயசாயிட்டா செல்லுக்கும் காது மந்தமாயிடுது. யார் மேலயும் தப்பில்ல."

"இல்லம்மா, யார் மேலயும் தப்பில்ல" என்றாள் அவள். பிறகு, "என் விண்ணப்பம் என்னாச்சுன்னு உனக்குத் தெரியுமா? எனக்கு வைக்கறதுக்குத் தனியா கேட்டிருந்தாங்களே."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. இந்தக் கூடத்திலிருந்து போகிற எல்லா விண்ணப்பத்தையும் தட்டச்சு செய்து அனுப்புகிறவளே அவள்தான். "அப்படி எதுவும் போகலியேக்கா" என்றாள். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று விழித்தாள்.

அவள் அங்கிருந்தே தம்பிக்குப் பேசினாள். எடுத்தான்.

"போட்டியாடா?"

அவன் மென்று விழுங்கினான். "போடலாம்னுதான் இருந்தேன்க்கா. முதல்ல செல்லு சரியா வரட்டும், வந்ததும் கேக்கலாம்னு... வராத ஒண்ணுக்கு எப்படி அனுமதி கேக்கறது? நீயே சொல்லு."

"சரக்கு நல்லா இருந்தா எனக்கு விண்ணப்பம். இல்லன்னா இல்ல. அப்படித்தானே?"

"அப்படி இல்லக்கா..."

"வேற எப்படி?"

அவள் தொடர்பை வெட்டிவிட்டாள். அந்தப் பெண் வாசல்வரை கூட வந்து வாடகை வண்டி பிடித்துக் கொடுத்தாள்.

பிறகு நடக்க வேண்டியது நடந்தது. தம்பியின் நிறுவனம் வேறு ஒரு நாட்டில் இளவயதுக்காரன் ஒருவனைக் கண்டுபிடித்தது. அவனுடைய செல்கள் சொன்னபடி கேட்டன. சிகிச்சை நின்றுபோகவில்லை, இன்னும் பெரிதாகவே வளர்ந்தது. எத்தனையோ பேர் நன்றாக நடக்கிறார்கள் என்று செய்தியில் சொன்னார்கள், அது பொய்யில்லை. அவளுக்குச் சாதாரண அரசு மருத்துவமனை ஒன்றில் முட்டியை அறுத்து உலோகத்தையும் பிளாஸ்டிக்கையும் வைத்துத் தைத்தார்கள். வருடக்கணக்கில் தள்ளிப்போட்டதால் தொடைத் தசை வற்றிவிட்டது, ஓரளவுக்குத்தான் மடங்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அப்படித்தான் மடங்கியது.

அறுவை முடிந்து எழுந்து உட்கார்ந்த நாளில் தம்பி வந்தான். நோயாளிகளின் கூடம் அது, வரிசையாகக் கட்டில்கள். கையில் பழப்பையோடு தேடிக்கொண்டே வந்து அவள் கட்டிலருகே நின்றான். மெக்கானிக் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் திருப்பிக்கொள்ளவில்லை. தலையணையைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வாங்க" என்றாள். "உக்காருங்க."

தனக்குப் பின்னால் வேறு யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து அவன் திரும்பிப் பார்த்தான். அங்கே யாரும் இல்லை.

"எப்படிக்கா இருக்க? வலி இருக்கா?"

"பரவால்லைங்க. நீங்க எப்படி இருக்கீங்க? வீட்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். அப்போதுதான் புரிந்ததுபோல முகம் சுண்டிப்போனது. "அக்கா, என்னக்கா இது. திட்டணும்னா திட்டு. அடிக்கணும்னா அடி. இப்படிப் பேசாத."

"உங்களப் போயி திட்டுவாங்களா? எவ்வளவு பெரிய வேலைல இருக்கீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. பயணிகளிடம் பேசுகிற குரல். "வண்டிய எங்க நிறுத்தினீங்க? இங்க வாசல்ல நிறுத்தினா தூக்கிட்டுப் போயிடுவாங்க, பாத்துக்கங்க."

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. பக்கத்துக் கட்டில்காரர்கள் பார்க்கிறார்கள் என்றும் அவன் பார்க்கவில்லை. "ஒருதரம் 'டா'ன்னு சொல்லுக்கா" என்றான்.

"அது மரியாதையா இருக்காதுங்க" என்றாள் அவள்.

அவன் போன பிறகு மெக்கானிக் பழப்பையை எடுத்துக் கட்டிலுக்கு அடியில் தள்ளினான். "எனக்கும் அவன் மேல கோவம்தான். ஆனா நீ கொஞ்சம் ஜாஸ்தியாப் போயிட்டியோ?" என்றான்.

"கம்மி" என்றாள்.

தம்பி இன்னும் வருகிறான். வருடத்துக்கு இரண்டு தடவையாவது வந்துவிடுவான். நாற்காலி நுனியில் உட்காருவான். அவள் ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு உள்ளே போய், தன் கையாலேயே டீ போட்டு, நல்ல கோப்பையில் ஊற்றி, தட்டு வைத்துக் கொண்டுவந்து கொடுப்பாள். அவன் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே இருப்பான்.

"ஆறிடப்போவுது, குடிங்க" என்பாள்.